31-வது மீட்டரில் என்ன இருக்கிறது?

புது ஆபீஸ் ஒன்று திறப்புக்குத் தயாராகும்போது கடைசி வாரத்தில் ஒரு தள்ளுமுள்ளு நடக்கும். பெயின்ட் அடிப்பவர், ஏ.சி. டக்ட் கட்டுபவர், கார்பெட் ஒட்டுபவர், தீயணைப்புக் குழாய் மாட்டுபவர் என்று எல்லோரும் ஒரே மாடியில் முட்டிக்கொள்வார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் என்னைப் போன்றவர்கள் தோளில் ஒரு டெஸ்டரை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைவோம். சுவருக்குள்ளும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேயும் இழுத்து முடித்துவிட்ட நெட்வொர்க் கேபிள்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, பாஸா ஃபெயிலா என்று ரிப்போர்ட் கொடுப்பது என் வேலை. சைட்டில் இதற்கு ‘ஃப்ளூக் டெஸ்ட்’ என்றுதான் பெயர். கருவி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஒரு கேபிளுக்குச் சுமார் பத்து வினாடி போதும். ரேக் பக்கம் ஒரு கருவி, மேசைப் பக்கம் அதன் ஜோடி. பட்டனை அழுத்தினால் பச்சை அல்லது சிவப்பு. சிவப்பு வந்ததும் சூப்பர்வைசர் முகம் வாடிவிடும். “மேடம், இன்னொரு தடவை அடிச்சுப் பாருங்களேன்” என்பார். அதே பட்டனை அழுத்தினால் அதே சிவப்புதான் வரும். அடுத்த வார்த்தை, “கேபிள் லாட்டே சரியில்லை, கம்பெனிக்கு எழுதணும்.” அதற்கடுத்தது, “பிடுங்கிட்டு வேற இழுத்துரலாம்.”

இந்த மூன்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: அந்தச் சிவப்பைத் திறந்து படிப்பது. எந்த ஜோடியில், என்ன மாதிரிக் கோளாறு, எத்தனையாவது மீட்டரில் என்பதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். படிக்கத் தெரிந்தால் பெரும்பாலான ஃபெயிலுக்குக் கேபிளைத் தொடவே வேண்டியதில்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பன்ச்சிங் டூலும் போதும்.

எட்டுக் கம்பி, நான்கு முறுக்கு

கேபிளின் உறையை உரித்தால் உள்ளே எட்டுச் செம்புக் கம்பிகள். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று நான்கு நிறம். ஒவ்வொன்றோடும் அதே நிறக் கோடு போட்ட வெள்ளைக் கம்பி ஒன்று முறுக்கியிருக்கும். இரண்டு கம்பியை முறுக்கி ஓட்டினால் பக்கத்துக் கம்பிகளின் தொந்தரவு குறையும் என்று அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் முறுக்கிய இரண்டு கம்பியிலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஏறும். மறுமுனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால், இரண்டிலும் பொதுவாக ஏறிய இரைச்சல் கழிந்துபோகும்.

நான்கு ஜோடியும் ஒரே நெருக்கத்தில் முறுக்கியிருக்காது. ஒன்று நெருக்கமாக, ஒன்று தளர்வாக. எல்லாம் ஒரே அளவில் இருந்தால் அக்கம்பக்கத்து ஜோடிகள் ஒன்றின் சிக்னலை மற்றொன்று வாங்கிக்கொள்ளும். இதனால்தான் ஒரே கேபிளுக்குக் கருவி நான்கு நீளம் காட்டுகிறது. “ஒரு கேபிள்தானே மேடம், எப்படி நாலு நீளம்?” என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. நெருக்கமாக முறுக்கிய ஜோடிக்குச் செம்பு அதிகம் வேண்டும், அவ்வளவுதான். நான்கில் குட்டையானதைக் கேபிளின் நீளமாக எடுத்துக்கொள்வோம்.

கேட்-5இ என்ற தரவகைக் கேபிளை 100 மெகாஹெர்ட்ஸ் வரை சோதிப்போம்; கேட்-6 என்றால் 250 வரை; கேட்-6ஏ என்றால் 500 வரை. அலைவரிசை ஏற ஏறக் கேபிளின் பாடு திண்டாட்டம். ஒரு கணக்கு சொல்கிறேன். ரேக்கில் இருக்கும் பேட்ச் பேனலிலிருந்து மேசையருகே இருக்கும் ஐ.ஓ. என்ற சாக்கெட் வரை 90 மீட்டர் ஓடும் கேட்-6 கேபிளில், 250 மெகாஹெர்ட்ஸில் 31.1 டெசிபல் வரை இழப்பு இருக்கலாம் என்கிறது அமெரிக்காவின் டி.ஐ.ஏ. தரநிலை. அனுப்பிய சக்தியில் 1,300-ல் ஒரு பங்கு போய்ச் சேர்ந்தால் பாஸ் என்று பொருள். அதே இடத்தில், பக்கத்து ஜோடியிலிருந்து கசியும் இரைச்சல் 35.3 டெசிபல் கீழே இருக்க வேண்டும். அது 3,400-ல் ஒரு பங்கு. வந்துசேரும் சிக்னலுக்கும் கசியும் இரைச்சலுக்கும் இடையே இரண்டரை மடங்குதான் வித்தியாசம். “அரை அங்குலம் பிரிச்சா என்ன ஆயிடும் அக்கா?” என்று கேட்கும் தம்பிகளுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன்.

முதலில் கையிலிருக்கும் கருவி

ஃபெயில் வந்ததும் நான் கேபிளைப் பார்ப்பதில்லை. கருவியின் அமைப்பைப் பார்ப்பேன். கேட்-6 கேபிளை கேட்-6ஏ அளவுகோலில் வைத்திருந்தால் ஃபெயில் ஆகத்தான் செய்யும். ‘பெர்மனன்ட் லிங்க்’ என்றால் சுவரோடு போகும் நிலையான பகுதி மட்டும், 90 மீட்டர் வரை. ‘சேனல்’ என்றால் இரு பக்கமும் சொருகும் பேட்ச் கார்டுகளையும் சேர்த்து 100 மீட்டர். ஒன்றுக்கு உரிய அடாப்டரை மாட்டிவிட்டு மற்றொன்றின் அளவுகோலை வைத்திருந்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

அடுத்தது அடாப்டரின் முனை. ஆயிரக்கணக்கான தடவை சொருகிப் பிடுங்கியதில் அது தேய்ந்துபோகும். வரிசையாக எல்லாக் கேபிளும் ஒரே மாதிரி, கருவிப் பக்கத்திலேயே ஃபெயில் ஆனால் சந்தேகம் அடாப்டர் மேல்தான் விழ வேண்டும். ஜிப்சம் தூசியும் இப்படி ஏமாற்றும். சீலிங் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஐ.ஓ.வைத் திறந்து வைத்திருப்பார்கள். ஜாக்கின் எட்டு ஊசிகளின் மேலும் வெள்ளையாகப் படிந்திருக்கும். ஊதிவிட்டுச் சோதித்தாலே சில சிவப்புகள் பச்சையாகிவிடும்.

சில முடிவுகளுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி வரும். கருவியின் சொந்தத் துல்லிய எல்லைக்குள் முடிவு விழுந்துவிட்டது, அடித்துச் சொல்ல முடியவில்லை என்பது அதன் பொருள். நட்சத்திரம் போட்ட பாஸை அப்படியே விடாமல் இரு முனையையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது என் வழக்கம்.

எட்டு விளக்கும் எரிந்தும் ஃபெயில்

சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு ஒரு சின்ன டெஸ்டர் கிடைக்கும். ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரியும். எலக்ட்ரீஷியன்கள் பலர் அதை நம்பி வேலையை முடித்துவிடுவார்கள். கம்பி அறுந்திருந்தால், இரண்டு கம்பி உரசிக்கொண்டிருந்தால், இடம் மாறிப் போயிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். காட்டாத ஒன்று உண்டு. எங்கள் பாஷையில் ‘ஸ்ப்ளிட் பேர்’.

ஜாக்கில் எட்டு இடம். ஒன்றும் இரண்டும் ஒரு ஜோடி, ஏழும் எட்டும் ஒரு ஜோடி, இதில் குழப்பமில்லை. நடுவில்தான் வில்லங்கம். நாலும் ஐந்தும் ஒரு ஜோடி; அதை அணைத்தாற்போல் மூன்றும் ஆறும் ஒரு ஜோடி. ‘பி’ வரிசையில் பச்சை ஜோடி மூன்றிலும் ஆறிலும், நீல ஜோடி நாலிலும் ஐந்திலும் போக வேண்டும். புதிதாக வந்த பையன் 1-2, 3-4, 5-6, 7-8 என்று ஜோடி ஜோடியாக அழகாக அடித்துவிடுவான். இரண்டு முனையிலும் அதையே செய்வான். ஒன்று ஒன்றோடு, எட்டு எட்டோடு சரியாகச் சேர்ந்திருப்பதால் விளக்கு எட்டும் எரியும். ஆனால் மூன்று-ஆறு வழியாகப் போகும் சிக்னல், முறுக்கிய ஜோடி ஒன்றில் போகவில்லை. பச்சையில் ஒரு கம்பி, நீலத்தில் ஒரு கம்பி என்று இரு வேறு முறுக்குகளில் போகிறது. முறுக்கின் பயன் மொத்தமும் போச்சு. இணையம் வரும், கொஞ்ச நேரத்தில் தடுமாறும், பெரிய ஃபைல் அனுப்பினால் திணறும். எங்கள் கருவியில் போட்டால் கசிவு எண் கன்னாபின்னாவென்று ஃபெயில் ஆகும். திருத்த ஐந்து நிமிடம் போதும், இரண்டு முனையையும் சரியான வரிசையில் மறுபடி அடித்தால் தீர்ந்தது.

அரை அங்குலம்

சைட்டில் நான் அதிகம் பார்க்கும் ஃபெயில் இந்தக் கசிவுதான். ரிப்போர்ட்டில் ‘நெக்ஸ்ட்’ என்று வரும். ஒரு ஜோடியில் சிக்னலை அனுப்பிவிட்டு, அதே முனையில் பக்கத்து ஜோடியில் எவ்வளவு கேட்கிறது என்று கருவி காது கொடுக்கும். இரு முனையிலிருந்தும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தூரத்து முனையின் கோளாறு இந்தப் பக்கம் வந்து சேர்வதற்குள் தேய்ந்துவிடும்.

கேபிளின் நடுவில் கசிவு வருவது அபூர்வம். கம்பிகள் முறுக்குப் பிரிந்து ஜாக்குக்குள் நுழையும் இடத்தில்தான் வரும். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பது விதி. கருவியின் வரைபடத்தில் பூஜ்ய மீட்டரில் ஒரு கூம்பு எழுந்தால் பேட்ச் பேனல். கடைசி மீட்டரில் எழுந்தால் ஐ.ஓ.

மேசைக்கடியில் குனிந்து ஃபேஸ் பிளேட்டைக் கழற்றினால் காரணம் கண்ணுக்கே தெரியும். கேபிளை வசதிக்காக இரண்டு அங்குலம் உரித்திருப்பார்கள். நான்கு ஜோடியும் உறையை விட்டு வெளியே வந்து, பிரிந்து, நிமிர்ந்து, நூடுல்ஸ் மாதிரி பரவி ஜாக்கில் ஏறியிருக்கும். அதைக் கத்தரித்துவிட்டு, உறையை ஜாக்கின் முதுகு வரைக்கும் கொண்டுவந்து, ஒவ்வொரு ஜோடியையும் முறுக்கோடேயே அதன் பள்ளத்துக்குள் நுழைத்து, கடைசி நொடியில் மட்டும் பிரித்து அடிக்க வேண்டும். பன்ச்சிங் டூலின் வெட்டும் பக்கம் வெளியே பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் பிடித்தால் போகும் கம்பியையே வெட்டிவிடும். இப்படிச் சரியாக அடித்தால், எங்கேயோ போய்விட்டது என்று தேடிக்கொண்டிருந்த ஐந்தாறு டெசிபல் திரும்பி வந்துவிடும்.

குட்டைக் கேபிள்களிலும் ஒரு சங்கதி உண்டு. “90 மீட்டரே பாஸ் ஆகுது, இந்த எட்டு மீட்டர் ஏன் ஃபெயில் ஆகணும்?” என்று சூப்பர்வைசர்கள் சண்டைக்கு வருவார்கள். நீளமான கேபிளில் மறுமுனை ஜாக்கின் குறை, திரும்பி வரும் வழியிலேயே அடங்கிவிடும். எட்டு மீட்டரில் அடங்க வழியில்லை. இரண்டு ஜாக்கின் குறையும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். குட்டைக் கேபிளுக்குத்தான் முனை வேலை கூடுதல் சுத்தமாக இருக்க வேண்டும்.

எதிரொலி சொல்லும் இடம்

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டால் குரல் திரும்பி வரும். எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பதிலிருந்து ஆழத்தை ஊகிக்கலாம். கருவி மீட்டர் சொல்வதும் இந்த வழியில்தான். கேபிளின் மின்தடுப்பு வழி நெடுக 100 ஓம்ஸ் என்று சீராக இருக்க வேண்டும். எங்காவது நசுங்கியோ மடங்கியோ இருந்தால் அந்த இடத்தில் 100 மாறும். சிக்னலில் ஒரு பகுதி முட்டித் திரும்பும். செம்புக் கேபிளில் சிக்னல் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஓடும், ஒரு நானோ வினாடிக்கு 20 சென்டிமீட்டர். போய்வரும் நேரத்தை அளந்தால் தூரம் வந்துவிடும். இந்த வேக விகிதம் கேபிளுக்குக் கேபிள் மாறும். கருவியில் அதைத் தப்பாகக் கொடுத்துவிட்டால் எல்லா நீளமும் அதே விகிதத்தில் தப்பாகும்.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் ஆபீசில் ஒரு வரிசை மேசைகள் முழுக்க ‘ரிட்டர்ன் லாஸ்’, அதாவது இந்த எதிரொலியில் ஃபெயில். லாட் சரியில்லை என்று கம்பெனிக்கு மெயில் எழுதத் தயாராகிவிட்டார்கள். எனக்கு அது உறுத்தியது. வேறு வேறு பெட்டியிலிருந்து இழுத்த கேபிள்கள் ஒரே மாதிரி கெட்டுப்போக நியாயமில்லை. வரைபடத்தைத் திறந்தால் ஒவ்வொன்றிலும் 31-வது மீட்டரில் கூம்பு.

சரி, 31-வது மீட்டரை எப்படிக் கண்டுபிடிப்பது? டேப் வைத்து அளந்தால் சுற்றி வைத்திருக்கும் ஸ்லாக், ட்ரேயின் வளைவு, மேலேறி இறங்கும் இடம் எல்லாம் கணக்கைக் கெடுக்கும். அதற்குக் கேபிளே வழி வைத்திருக்கிறது. அதன் உறை மேல் கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் மீட்டர் எண் வரிசையாக அச்சடித்திருக்கும். சிலதில் அடிக் கணக்கு. 305 மீட்டர் பெட்டியில் எவ்வளவு மீதி என்று பார்ப்பதற்காகப் போட்டது அது. ரேக் பக்கம் ஒரு கேபிளில் 212 என்று இருந்தது. அப்படியானால் கோளாறு 181-ல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 243-ல். எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது இரண்டு மீட்டர் தள்ளிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஏணியில் ஏறிய தம்பி சீலிங் ஓட்டை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணைப் படித்துக்கொண்டே போனான். “190... 185... அக்கா, 181 இங்க இருக்கு. மேல ஏதோ உட்கார்ந்திருக்கு.”

ஸ்ப்ரிங்க்ளர் குழாயைத் தாங்கும் இரும்பு ஆங்கிள் ஒன்று கேபிள் கட்டின் முதுகில் இறுகி நின்றது. கேபிள் போட்ட பிறகு வந்த குழாய்க்காரர்கள் ட்ரேயின் விளிம்பையே தாங்கலாக வைத்து முடுக்கியிருக்கிறார்கள். ஆங்கிளைத் தளர்த்தி, கட்டைப் பிரித்துவிட்டதும் பாதிக்கு மேல் தானாகவே பாஸ் ஆனது. உள்ளே கம்பியின் அமைப்பே சிதைந்துபோன மற்றவற்றை மட்டும் மாற்றி இழுத்தோம். லாட் மாற்றியிருந்தால் புதுக் கேபிளும் அதே ஆங்கிளுக்கு அடியில்தான் போயிருக்கும்.

இப்படி நடுவழியில் வரும் கோளாறுகளுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று: பிளாஸ்டிக் டையைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கியது, கேபிளின் விட்டத்தைப் போல நான்கு மடங்குக்கும் குறைந்த ஆரத்தில் மடக்கியது, 11 கிலோ விசைக்கு மேல் இழுத்தது, ஜிப்சம் பார்ட்டிஷன் ஸ்க்ரூ உள்ளே ஏறியது. டைக்குப் பதில் வெல்க்ரோ பட்டையைக் கட்டினாலே முதல் காரணம் ஒழிந்துவிடும்.

தண்ணீரும் வெயிலும்

தரைத்தளத்தில், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு மண்ணுக்கடியில் பைப் போட்டு உள்ளறைக் கேபிளையே இழுத்துவிடும் பழக்கம் இங்கே சகஜம். ஐப்பசி, கார்த்திகையில் பைப்புக்குள் தண்ணீர் நிற்கும். உறையில் ஓர் உரசல் இருந்தாலும் உள்ளே இறங்கிவிடும். கம்பிகளைச் சுற்றியிருக்கும் பாலிஎத்திலீனின் மின்காப்பு எண் சுமார் 2.3, தண்ணீருக்கு 80 பக்கம். சுற்றிலும் இப்படி மாறிவிட்டால் 100 ஓம்ஸ் எங்கே நிற்கும்? சிக்னலின் வேகமும் குறையும், அதனால் கருவி கேபிளின் நீளத்தைக் கூட்டிச் சொல்லும். போன மாதம் 62 மீட்டர் காட்டியது மழைக்குப் பிறகு 66 காட்டினால் அது தண்ணீர் வேலை. காய்ந்ததும் பாஸ் ஆகலாம். அதை நம்பி விட்டால் அடுத்த மழையில் மறுபடி கூப்பிடுவார்கள். மண்ணுக்கடியில் போகும் பகுதிக்கு அதற்கென்றே செய்த ஜெல் நிரப்பிய கேபிள் வேண்டும், அல்லது ஃபைபர்.

வெயிலின் கதை வேறு. ஷீட் கூரை போட்ட தொழிற்சாலைகளில் கேபிள் ட்ரே கூரைக்குக் கீழேயே ஓடும். சித்திரை மத்தியானத்தில் அங்கே கை வைக்க முடியாது. சூடு ஏறினால் செம்பின் தடை ஏறும், இழப்பும் ஏறும். 20 டிகிரியிலிருந்து 40 வரை டிகிரிக்கு 0.4 சதவீதம், அதற்கு மேல் 60 வரை 0.6 சதவீதம் என்பது கணக்கு. 60 டிகிரியில் மொத்தம் 20 சதவீதம் கூடும். அதனால் அந்தச் சூட்டில் 90 மீட்டர் போட இடமில்லை. 75 மீட்டரோடு நிறுத்த வேண்டும். காலையில் பாஸ், மதியம் ஃபெயில் என்று ஒரு கேபிள் விளையாடினால் அதன் பாதையில் எங்கே வெயில் படுகிறது என்று பார்க்க வேண்டும்.

செம்பா, அலுமினியமா

நீளம் சரி, முனை சரி, சூடு இல்லை. ஆனாலும் இழப்பு ஃபெயில். அப்போது தடை எண்ணைப் பார்ப்பேன். 90 மீட்டர் நல்ல செம்புக் கேபிளில் ஒரு ஜோடியின் போய்வரும் தடை 17 ஓம்ஸுக்குள் இருக்கும். அது 25 பக்கம் போனால் அது செம்பே இல்லை. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியது, ‘சி.சி.ஏ.’ என்பார்கள். அலுமினியத்தின் மின்கடத்துதிறன் செம்பில் 60 சதவீதம்தான். தரநிலைகள் இதை ஏற்பதில்லை. ஆனாலும் பெட்டியில் கேட்-6 என்று அச்சடித்து விற்கிறார்கள்.

கருவி இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டினால் செம்பு உள்ளேயும் சிவப்பாகவே இருக்கும், சி.சி.ஏ. வெள்ளி நிறத்தில் பல் இளிக்கும். பெட்டியைத் தூக்கினாலே எடை குறைவு தெரியும். இரண்டு மூன்று தடவை மடக்கி நிமிர்த்தினால் பட்டென்று உடையும்.

கேமராக்களில் இதன் வண்டவாளம் ராத்திரியில் வெளிவரும். இப்போதைய கேமராக்களுக்கு மின்சாரமும் இதே கேபிள் வழியாகத்தான் போகிறது. 2003-ல் வந்த முதல் தரநிலை 15.4 வாட் கொடுத்தது. 2018-ல் வந்தது 90 வாட் வரை கொடுக்கிறது. இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ரா ரெட் விளக்குகள் எரியும், கரன்ட் கூடும், தடை அதிகமான கம்பியில் வோல்டேஜ் விழும், கேமரா அணைந்து அணைந்து எரியும். பகலில் வரும் சர்வீஸ் இன்ஜினியர் கேமராவைப் பார்த்துவிட்டு “நல்லாத்தானே இருக்கு” என்று போய்விடுவார்.

செம்பை விட்டு ஃபைபருக்கு வந்தால், அங்கே ஃபெயிலுக்கு முதல் வேலை துடைப்பது. ஒளி ஓடும் நடுப்பகுதி சிங்கிள் மோடில் சுமார் 9 மைக்ரான்தான். அதன்மேல் ஒரு தூசி உட்கார்ந்தால் போதும். மைக்ரோஸ்கோப்பில் முனையைப் பார், துடை, மறுபடி பார், பிறகு சொருகு. துடைத்த பிறகும் 1310 நானோமீட்டரில் பாஸ் ஆகி 1550-ல் மட்டும் இழப்பு எகிறினால் எங்கோ மடங்கி நிற்கிறது என்று பொருள்.

பாஸ் ஆக்கும் வித்தைகள்

இதுவரை சொன்னவை கேபிளின் கோளாறுகள். இனி ரிப்போர்ட்டின் கோளாறுகள். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டால், கேபிளைத் திருத்துவதைவிட ரிப்போர்ட்டைத் திருத்துவது சுலபம் என்று சிலருக்குத் தோன்றும். கேட்-6ஏ போட்ட இடத்தில் கேட்-6 அளவுகோலை வைத்துச் சோதிப்பார்கள். பெர்மனன்ட் லிங்க் ஃபெயில் ஆனால் கொஞ்சம் தாராளமான சேனல் அளவுகோலுக்கு மாற்றிக்கொள்வார்கள். எல்லாவற்றையும் மிஞ்சியது ஒன்று உண்டு: நன்றாக வந்த ஒரு கேபிளையே திரும்பத் திரும்பச் சோதித்து, ஒவ்வொரு தடவையும் வேறு லேபிள் போட்டுச் சேமிப்பது. ஃபெயில் ஆன கேபிள் ஃபெயிலாகவே சுவருக்குள் இருக்கும். பேப்பரில் மட்டும் பச்சை.

இதை வாங்குபவர் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. வெவ்வேறு தூரத்தில் இருக்கும் மேசைகளுக்கு நீளம் ஒன்றுபோல 43.2, 43.2, 43.2 என்று வந்தால் அது ஒரே கேபிள். சோதித்த நேரத்தைப் பாருங்கள். மாடியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இடையே பதினைந்து வினாடிதான் இருக்கிறது என்றால் யாரும் நடக்கவே இல்லை. பி.டி.எஃப். மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள், கருவியிலிருந்து இறக்கிய மூல ஃபைலைக் கேளுங்கள். கடைசியாக, நீங்களே விரலை நீட்டிப் பத்து இடத்தைக் காட்டி, உங்கள் கண் முன்னால் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். நேர்மையாக வேலை செய்தவர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

உங்கள் வீட்டுச் சுவரில்

இதெல்லாம் ஆபீஸ் சமாசாரம் என்று விட்டுவிட வேண்டாம். 300 எம்.பி.பி.எஸ். பிளான் போட்டும் ஸ்பீட் டெஸ்ட் 94, 95-லேயே நின்றுவிடுகிறது என்றால், இணையக் கம்பெனிக்கு போன் போடுவதற்கு முன் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அமைப்பில் ‘லிங்க் ஸ்பீட்’ என்ன என்று பாருங்கள். 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 இருந்தால் கோளாறு உங்கள் கேபிளில். பழைய 100 எம்.பி.பி.எஸ். ஈதர்நெட்டுக்கு ஆரஞ்சும் பச்சையும் ஆகிய இரண்டு ஜோடி போதும். 1999-ல் தரநிலையான ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி விட்டுப்போனால், பல கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இணையம் நிற்காது என்பதால் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

முதலில் பேட்ச் கார்டை மாற்றிப் பாருங்கள். மலிவும் அதுதான், அடிக்கடி கெடுவதும் அதுதான். சரியாகவில்லை என்றால் ஐ.ஓ.வைத் திறந்து எட்டுக் கம்பியும் பள்ளத்தில் ஆழமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளையடித்தபோது யாராவது பிடித்து இழுத்திருப்பார்கள்.

புதிதாக வீடோ ஆபீசோ கட்டுபவர்கள் ஒர்க் ஆர்டரிலேயே மூன்று வரி சேர்த்துவிடுங்கள். சோதனை சீலிங் மூடுவதற்கு முன் ஒருமுறை, எல்லா வேலையும் முடிந்து முனைகளை அடித்த பிறகு ஒருமுறை. அளவுகோல் பெர்மனன்ட் லிங்க், கேபிளின் பெட்டியில் எந்த கேட் என்று இருக்கிறதோ அதே கேட். ஃபெயில் ஆன கேபிளுக்கு என்ன செய்தார்கள், எத்தனையாவது மீட்டரில் என்ன இருந்தது என்ற குறிப்பு ரிப்போர்ட்டோடு சேர்ந்து வர வேண்டும். கேபிள் கம்பெனிகள் 20, 25 வருட வாரன்டி தருகின்றன. அதைக் கேட்டு வாங்க இந்த ரிப்போர்ட்தான் ஆதாரம். மொத்தமும் பாஸ், ஒரு ஃபெயில்கூட இல்லை என்று யாராவது பெருமையாக ரிப்போர்ட் நீட்டினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு கேள்வி இருக்கும்: இவ்வளவு பெரிய மாடியில் ஒரு ஜாக்கைக்கூடவா நீங்கள் இரண்டாம் தடவை அடிக்கவில்லை?